பி.எஸ்சி மூன்று வருஷம்: கடலூர், புதுச்சேரி மாணவர்கள் எதை எப்போது செய்ய வேண்டும்

பி.எஸ்சி சேர்ந்தவர்கள் காலண்டரில் முதலில் வட்டம் போட வேண்டியது இரண்டாம் ஆண்டு நவம்பரை. கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் அந்த மாதத்தையொட்டித்தான் திறக்கின்றன. மே மாத லீவுக்கு மே மாதம் யோசிப்பவர்களுக்கு இடம் இருக்காது. தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியில் படித்தாலும் சரி, லாஸ்பேட்டை தாகூர் கல்லூரியில் படித்தாலும் சரி, நல்ல மார்க் இருந்தும் வாய்ப்பு கைநழுவுவதற்குக் காரணம் பல நேரம் அறிவுக் குறைவு கிடையாது. தேதி தெரியாமல் போவதுதான்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பிளஸ் டூவில் உங்கள் போர்டின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பையர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கு உரியது. இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், புள்ளியியல், நுண்ணுயிரியல் போன்ற அடிப்படை அறிவியல் பாடங்களுக்குத்தான் இது. கம்ப்யூட்டர் சயின்ஸும் பயோடெக்னாலஜியும் அந்தப் பட்டியலில் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் கல்லூரி சேர்ந்தவர்கள் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் பேங்க் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை முதலில் சரிபாருங்கள்.

அரியர் வைக்காதீர்கள். குறிப்பாக அலைட் பாடத்தில், அதாவது மெயினோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடத்தில். மெயின் பாடத்தில் எண்பது எடுத்தவர்கள் அலைட் கணிதத்தில் தட்டுத்தடுமாறுவது சகஜம். ஆனால் கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை மையங்கள் பி.எஸ்சி படித்தவர்களைப் பயிற்சியாளராக எடுக்கும்போது 60 சதவீத மார்க்கோடு, எந்தெந்தப் பாடங்களைச் சேர்த்துப் படித்தீர்கள் என்பதையும் பார்க்கும். வேதியியலோடு இயற்பியலும் கணிதமும் படித்திருக்கிறீர்களா என்பது அங்கே தீர்மானமான கேள்வி.

கோடைப் பயிற்சிக்கு எழுதுவது எப்படி

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியும் புதுதில்லி, பிரயாக்ராஜில் உள்ள மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில், தேர்வாகும் மாணவர் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்வார். உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தில் மார்க், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கத்துக்கும் குறைவான குறிப்பு ஆகியவை கேட்கப்படும். அந்தக் குறிப்புதான் ஆளைத் தூக்கிவிடும்; கவிழ்ப்பதும் அதுதான்.

"சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் மிகுந்த ஆர்வம்" என்று தொடங்கும் குறிப்பைப் படிப்பவர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். ஆர்வத்தைச் சொல்வதைவிட, செய்த ஒன்றைச் சொல்லுங்கள். விலங்கியல் மாணவி ஒருவர் பத்து நாளில் செய்யக்கூடிய வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மழை விட்ட பிறகு தெருவில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி, பூந்தொட்டித் தட்டு, சாக்கடைத் தேக்கம் என்று இருபது இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இங்க் ஃபில்லரால் நீரை எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டால் கொசுப்புழு தெளிவாகத் தெரியும். நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்த மாதிரி மிதந்தால் அனாஃபிலிஸ். அதற்குச் சுவாசக் குழாய் கிடையாது. தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் ஏடிஸ் அல்லது க்யூலெக்ஸ். அவற்றில் சுவாசக் குழாய் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் ஏடிஸ், நீண்டு மெலிந்திருந்தால் க்யூலெக்ஸ். எந்த இடம், என்ன பாத்திரம், எத்தனை புழு, என்ன வகை என்று நான்கு கட்டம் போட்ட நோட்டில் எழுதுங்கள். எண்ணி முடித்ததும் அந்தத் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிட வேண்டும். வீட்டில் பாட்டிலில் வைத்து வளர்க்கக் கூடாது.

இப்போது குறிப்பில் எழுத உங்களிடம் விஷயம் இருக்கிறது: "எங்கள் தெருவில் இருபது இடங்களில் நீர் எடுத்துப் பார்த்தேன். டயரில் ஏடிஸ் புழுக்கள், சாக்கடையில் க்யூலெக்ஸ். ஒரே மாதிரியான இரண்டு டயரில் ஒன்றில் மட்டும் புழு இல்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்." இந்த நான்கு வரி, ஆர்வம் பற்றிய முப்பது வரிக்குச் சமம். எண்ணிக்கை உங்கள் நோட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நேர்காணலில் அதையே பிடித்துத் துருவுவார்கள். இல்லாத கணக்கு அங்கே நிற்காது.

இயற்பியல் மாணவருக்கு ஒரு நூலும் கல்லும் போனும் போதும். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் ஏறக்குறைய இரண்டு விநாடி. இருபது அலைவுக்கு நேரம் எடுத்து ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு, பிழை எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று எழுதினாலே அது ஆய்வுக் குறிப்பு. பிழையைப் பற்றி எழுதத் தெரிந்தவரை ஆய்வகங்கள் விரும்பும்.

பெரிய திட்டங்களில் இடம் கிடைக்காவிட்டால் சோர வேண்டாம். பஸ் தூரத்தில் இருப்பவை குறைந்தவை அல்ல. புதுச்சேரி இந்திரா நகரில் 1975-இல் தொடங்கிய கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் இயங்குவது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி படிப்பும் அங்கே உண்டு. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னிந்தியத் தாவரங்களின் உலர்மாதிரித் தொகுப்பு இருக்கிறது; தாவரவியல்காரர்கள் ஒருமுறையாவது அதைப் பார்க்க வேண்டும். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம். தெற்கே பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம். கடல் உயிரியல் படிக்க நாட்டின் வேறு மூலையிலிருந்து மாணவர்கள் அங்கே வருகிறார்கள். கடலூர்க்காரர்கள் அதைத் தாண்டி சிதம்பரம் போய்வருகிறார்கள்.

இந்த இடங்களுக்கு மெயில் அனுப்பும்போது ஒரே மெயிலை இருபது பேருக்குச் சேர்த்து அனுப்பக் கூடாது. ஒரு விஞ்ஞானியின் ஒரு கட்டுரையையாவது, முழுதாகப் புரியாவிட்டாலும் சுருக்கத்தையும் படங்களையும், பார்த்துவிட்டு எழுதுங்கள். நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்பது ஒரு வரி. அவர் வேலையில் எதைப் பார்த்தீர்கள் என்பது இரண்டு வரி. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்பது இரண்டு வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும் என்பது ஒரு வரி. மார்க் பட்டியலை ஒரே பிடிஎஃப் ஆக இணையுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். ஒப்புக்கொண்டால் கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழும் துறைத்தலைவரின் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள். லீவு விட்டபின் கையெழுத்துக்கு அலையாமல் மார்ச் மாதமே வாங்கி வையுங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது ஆசிரியருக்குக் குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். உங்கள் மார்க், செய்த வேலை, விண்ணப்பிக்கும் திட்டம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் கடிதம் நன்றாக வரும். அறுபது பேர் உள்ள வகுப்பில் உங்கள் பிராக்டிகல் எப்படி இருந்தது என்று அவர் நினைவில் இருந்து எழுதுவார் என எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எம்.எஸ்சி-க்கு நுழைவுத் தேர்வு

மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் ஜாம் தேர்வு விண்ணப்பம் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். ஐஐடிகளில் எம்.எஸ்சி, பெங்களூரு ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த பிஎச்.டி இரண்டுக்கும் இதுதான் வழி. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். முதல் பகுதியில் உள்ள 30 கேள்விகளுக்கு மட்டும்தான் நெகட்டிவ் மார்க். ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள பத்துக் கேள்விகளுக்கும், விடையை எண்ணாக அடிக்க வேண்டிய இருபதுக்கும் நெகட்டிவ் கிடையாது. அப்படியிருந்தும் பயந்து அவற்றைக் காலியாக விட்டு வருகிறவர்கள் உண்டு. பழைய கேள்வித்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டு லீவில் ஐந்து வருடத் தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்தால், எந்த அத்தியாயம் நம் சிலபஸில் மேலோட்டமாகப் போனது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி சேர க்யூட் பிஜி எழுத வேண்டும். 75 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். இங்கே நடக்கும் பெரிய தவறு, பாடத்தாள் குறியீட்டைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது. சேர விரும்பும் படிப்புக்கு எந்தத் தாள் என்பதைப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தேர்வு எழுதியதோடு வேலை முடியாது. பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் எவ்வளவு மார்க் எடுத்தும் பெயர் வராது.

சான்றிதழ் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டுவது இரண்டு இடத்தில். தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய அரசு விண்ணப்பத்துக்குச் செல்லாது. ஓபிசி கிரீமி லேயர் அல்லாதவர் என்ற சான்றிதழ் தனியாக வேண்டும், பெரும்பாலும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் ஜூலையிலேயே போட்டுவிடுங்கள். இன்னொன்று, இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தால் தேர்வு மைய வாசலில் வாக்குவாதம் வரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லா இடத்திலும் பெயர் இருக்கட்டும்.

பட்டம் முடித்ததும் வேலை

கடலூர் சிப்காட்டில் உள்ள ரசாயன, மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் பி.எஸ்சி வேதியியல் படித்தவர்களை ட்ரெய்னி கெமிஸ்டாக எடுக்கின்றன. ஷிஃப்ட் வேலை. நேர்காணலில் கரிம வேதியியல் வினைவழிகளைவிட முதலாண்டு பிராக்டிகலைத்தான் கேட்பார்கள்: "0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் 100 மில்லி எப்படித் தயாரிப்பீர்கள்?" சமான எடை 63, ஆகவே 0.63 கிராம் எடைபோட்டு, பீக்கரில் கரைத்து, 100 மில்லி அளவுக் குடுவைக்கு மாற்றி, பீக்கரைக் கழுவிய நீரையும் அதிலேயே ஊற்றி, கண்மட்டத்தில் வைத்துக் குறிவரை நிரப்ப வேண்டும். முதலிலேயே 100 மில்லி நீர் ஊற்றி அதில் போடுவேன் என்று சொன்னால் வாய்ப்பு போய்விடும். அடுத்த கேள்வி, சோடியம் ஹைட்ராக்சைடை ஏன் அப்படி நேரடியாக எடைபோட்டு நம்ப முடியாது? அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஆக்சாலிக் அமிலம் போன்ற ஒன்றை வைத்துத் தரப்படுத்த வேண்டும்.

ரெக்கார்ட் நோட்டில் ஒயிட்னர் பூசும் பழக்கத்தைக் கல்லூரியிலேயே விட்டுவிடுங்கள். மருந்து ஆய்வகத்தில் தவறான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அழித்து எழுதினால் அது மோசடியாகக் கருதப்படும்.

நெய்வேலி என்எல்சி ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் எடுக்கும். வேதியியல், நிலவியல் (ஜியாலஜி) பட்டதாரிகளுக்கு இடம் இருந்திருக்கிறது. பட்டம் முடித்து நாளாகிவிட்டால் தகுதி போய்விடும் என்பதால் முதல் அறிவிப்பிலேயே போட வேண்டும். பள்ளி ஆசிரியராக விரும்பினால் பி.எட் இரண்டு வருஷம், பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் இரண்டாம் தாள். கல்லூரி ஆசிரியர் என்றால் எம்.எஸ்சியில் 55 சதவீதத்தோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு), இல்லையேல் பிஎச்.டி. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு.

இந்திய வனப்பணி என்ற ஒன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் இவற்றில் ஒன்று பட்டத்தில் இருந்தால் எழுதலாம். அதாவது பி.ஏ படித்தவருக்குப் பெரும்பாலும் மூடியிருக்கும் கதவு பி.எஸ்சிக்குத் திறந்திருக்கிறது. முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸுக்கு உள்ள அதேதான். விண்ணப்பத்தில் வனப்பணியையும் சேர்த்துத் தேர்வு செய்ய மறந்துவிடக் கூடாது.