எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் வாங்குங்கள்

திருப்பூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் 15 வருடமாக என் பிழைப்பு. பனியன் கம்பெனிக்காரர்கள், ஆடிட்டர் ஆபீஸ் ஆட்கள், காலேஜ் பிள்ளைகள் என்று பலரும் வருவார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். பிராசசர், போர்டு, ராம், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் மாடல் நம்பர் எழுதியிருப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் வீட்டுக் கரன்ட்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டிக்கு மட்டும் கடைசி வரியில் ‘எஸ்எம்பிஎஸ் – ஏதாவது 500 வாட்’ என்று இருக்கும். அந்த ‘ஏதாவது’வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

காரணம் இருக்கிறது. தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம் ஒரு தையல் யூனிட்டுக்கு சிஸ்டம் போட்டுக் கொடுத்தேன். பட்ஜெட் இடித்தது. கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே விட்டுவிட்டேன். 11 மாதம் ஓடியது. ஒரு மதியம் கரன்ட் போய்த் திரும்பி வந்ததும் ‘பட்’டென்று சத்தம். “அண்ணா, பெட்டியில புகை வருதுங்க, சீக்கிரம் வாங்க” என்று அங்கே கணக்கு எழுதும் அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தால் எஸ்எம்பிஎஸ் மட்டும் போகவில்லை. போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து போயிருந்தன. டேலி கணக்கு சாஃப்ட்வேரின் பேக்கப் நான்கு மாதம் பழையது. அந்த நான்கு மாத பில்களையும் அந்த அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து திரும்ப அடித்தார். அதற்கப்புறம் விலைப்பட்டியல் போட உட்கார்ந்தால் முதல் வரியாக எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் எழுதுகிறேன்.

எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் ஒருநாள் கெடும். கெடும்போது தன்னை மட்டும் அணைத்துக்கொள்கிறதா, மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறதா என்பதுதான் கேள்வி. வோல்டேஜ் ஏறினால், இறங்கினால், கரன்ட் அளவு மீறினால், மொத்த வாட் மீறினால், ஷார்ட் ஆனால், சூடு அதிகமானால் தானே நின்றுவிடும் பாதுகாப்புகள் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும். கம்பெனி வெளியிடும் விவரத் தாளான டேட்டா ஷீட்டில் ஓவிபி, யுவிபி, ஓசிபி, ஓபிபி, எஸ்சிபி, ஓடிபி என்று அதே வரிசையில் ஆறையும் போட்டிருப்பார்கள். மலிவான பெட்டிகளில் ஓடிபி, அதாவது சூட்டுப் பாதுகாப்பு, பெரும்பாலும் விடுபட்டிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது இல்லாமல் நான் வாங்க மாட்டேன்.

கடைக்குப் போனதும் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்த வாட்டைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அதில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் போட்டிருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுச் சக்தியையும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. ‘450 வாட்’ என்று எழுதிய ஒரு பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர்தான் போட்டிருந்தது. பெருக்கினால் 192 வாட். மீதியெல்லாம் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் காட்டிய கணக்கு, இன்றைய சிஸ்டத்துக்கு உதவாது. ஒழுங்கான 550 வாட் சப்ளையில் அந்தக் கட்டத்தில் 45 ஆம்பியர் இருக்கும், அதாவது 540 வாட். கூட்டத்தில் நின்றுகொண்டே அரை நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது.

அப்படியே பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். 115, 230 என்று சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன ஸ்லைடு சுவிட்ச் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பழைய வடிவமைப்பு. யாராவது தெரியாமல் 115-க்குத் தள்ளிவிட்டு நம் 230 வோல்ட் லைனில் போட்டால் அந்த நொடியே வெடிக்கும். லேபிளில் ‘100–240வி’ என்று இருந்தால் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் தாங்கும். லேபிளில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருந்தால் ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அடித்துப் பாருங்கள். அந்த எண் வேறு யாருடையதாகவோ இருந்தால் அந்தக் கடைக்கே திரும்பப் போகாதீர்கள்.

எத்தனை வாட் வேண்டும்? உதாரணத்துக்கு ஐ5-12400 பிராசசரை எடுத்துக்கொள்வோம். 65 வாட் என்று சொல்வார்கள், ஆனால் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 115 வாட். போர்டு, ராம், ஃபேன், எஸ்எஸ்டிக்கு 50 வாட் வையுங்கள். மொத்தம் 280 சொச்சம். நல்ல 450 வாட் சப்ளையே இதைத் தாங்கும், 550 போட்டால் நிம்மதி. அந்தக் கார்டுக்கு என்விடியா கம்பெனி சொல்வதும் 550-தான். கிராபிக்ஸ் கார்டே இல்லாத கணக்கு சிஸ்டத்துக்கு 400, 450 தாராளம். 750, 850 என்று தலையில் கட்டப் பார்த்தால் அந்தக் காசில் அடுத்த தரத்து 550-ஐக் கேளுங்கள். பெரிய கார்டு போடுகிறவர்கள் மட்டும் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று பார்த்து வாங்குங்கள். அந்தக் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அளவுக்கு மேல் இழுத்துவிட்டு இறங்கும். ஏடிஎக்ஸ் 3.0 அதற்கென்றே 2022-ல் வந்த விதிமுறை.

‘80 பிளஸ்’ முத்திரையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊரெல்லாம் இருக்கிறது. ப்ரோன்ஸ், கோல்டு, பிளாட்டினம் என்பதெல்லாம் சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு. பாதி லோடில் ப்ரோன்ஸ் 85 சதவீதம் கொடுக்கும், கோல்டு 90 சதவீதம், அதுவும் 115 வோல்ட்டில் அளந்தது. சோதனை நடப்பது 23 டிகிரியில். மே மாதம் ஷீட் கூரைக்குக் கீழே இருக்கும் கட்டிங் செக்‌ஷனில் 40 டிகிரி அடிக்கும்போது அது எப்படி நிற்கும் என்று அந்த முத்திரை சொல்லாது. அதனால் முத்திரையோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள்: முழு வாட்டும் எத்தனை டிகிரி வரை என்று டேட்டா ஷீட்டில் இருக்கும். 40 என்பது சுமார், 50 என்றால் நல்லது. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி ரகமாக இருக்க வேண்டும். சூடு 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டர் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இந்த ஊரில் 85 டிகிரி ரகம் எத்தனை நாள் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

பிராண்டை நம்பலாமா? ஓரளவுக்கு. சீசோனிக் 1975-லிருந்து தைவானில் இருக்கும் கம்பெனி, தானே தயாரிக்கிறது. கோர்செயர் போன்றவை வேறு தொழிற்சாலைகளில் செய்து வாங்குகின்றன, அது குறையில்லை. ஆனால் ஒரே பிராண்டுக்குள்ளேயே வரிசைக்கு வரிசை தரம் மாறும். கோர்செயரில் சிஎக்ஸ் வரிசைக்கு 5 வருடம், ஆர்எம்எக்ஸ் வரிசைக்கு 10 வருடம் வாரண்டி. கம்பெனிக்குத் தன் சரக்கின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பது அந்த எண்ணிலேயே தெரியும். நான் கடைப்பிடிப்பது 5 வருடத்துக்குக் குறைவாக இருந்தால் தொடுவதில்லை என்பதுதான். சந்தேகம் இருந்தால் எஸ்எம்பிஎஸ்களைச் சோதித்துப் பார்க்கும் சைபெனடிக்ஸ் தளத்தில் மாடல் பெயரைப் போட்டுத் தேடுங்கள். சோதனை அறிக்கை இலவசமாகவே கிடைக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் மட்டும் வாங்கவே வேண்டாம். ராம் பழையது வாங்கலாம், பிராசசர் பழையது வாங்கலாம், இதை வேண்டாம்.

வாங்கியாயிற்று. இனி வீட்டு லைன். சிஸ்டத்தைத் தொட்டால் ‘சுர்’ரென்கிறது என்று மாதம் ஒருவராவது வருகிறார்கள். எஸ்எம்பிஎஸ் மேல் தப்பில்லை, எர்த் இல்லை. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் வழியாக அனுப்ப வேண்டிய கசிவு போக இடமில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 50, 100 என்று காட்டினால் எர்த்தைச் சரிசெய்யாமல் புது எஸ்எம்பிஎஸ் மாட்டாதீர்கள். யூபிஎஸ் 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும், அதற்குள் மானிட்டரும் சேர வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் சிஸ்டம் ஓட்டுகிறவர்கள் அதன் பின்னால் இருக்கும் சுவிட்சை ‘யூபிஎஸ்’ மோடில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மற்ற மோடில் கரன்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகம், எவ்வளவு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தாலும் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

மாடுலர் வகை வாங்கினால் ஒன்றை மறக்கவே கூடாது. கழற்றி மாட்டும் கேபிள்களை வேறு பிராண்டுடையதோடு கலக்காதீர்கள். ஹார்டு டிஸ்க் பக்கம் பிளக் ஒன்றுதான், எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உள்ளே போய் உட்கார்ந்தும் விடும். ஒரு காலேஜ் பையன் புது எஸ்எம்பிஎஸ்ஸில் பழைய கேபிளைப் போட்டு, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், இரண்டு எஸ்எஸ்டியை ஒரே நொடியில் இழந்தான். பழையதை எடுக்கும்போது அதன் கேபிள்களையும் அதோடு கட்டி எடுத்துவிடுங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: பஞ்சு. நூல் தூசி ஃபேன் வலையில் மெத்தை மாதிரி படியும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து பிரஷ்ஷால் எடுங்கள். புளோயர் அடித்தால் ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

மாட்டுவதற்கு முன் சீரியல் நம்பர் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மாட்டிய பிறகு அது உள்பக்கமாகப் போய்விடலாம். பில்லையும் எடுங்கள். கடையில் தரும் தெர்மல் தாள் இரண்டு வருடத்தில் வெள்ளையாகிவிடும், வாரண்டியோ 5, 10 வருடம். இரண்டு போட்டோவையும் உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.