டார்டரஸ் என்றாலே நரகமா? கிரேக்கப் பாதாளம் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

கிரேக்கப் புராணத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் டார்டரஸ் என்ற பெயர் வந்ததும் 'நரகம்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பாதாளத்தின் அரசன் ஹேடீஸ் வந்தால் 'எமன்'. படிப்பவருக்குச் சட்டென்று புரியும், சரி. ஆனால் எண்ணெய்க் கொப்பரையும் சித்திரகுப்தன் கணக்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். கிரேக்கக் கதையில் அவற்றுக்கு இடமே இல்லை.

ஹேடீஸ் பாசக்கயிற்றோடு உயிரெடுக்க வருபவன் அல்ல. மரணத்துக்கு தனாட்டோஸ் என்று தனியே ஒருவன் இருக்கிறான். மூன்று சகோதரர்கள் உலகைப் பங்கு போட்டுச் சீட்டுக் குலுக்கியபோது ஜீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், இவனுக்கு இருட்டு. அவ்வளவுதான். கறாரான ஆள், கொடியவன் அல்ல. இவனுக்குச் சாத்தான் வேடம் கட்டியது பிற்காலத்தார்.

பெரிய குழப்பம் டார்டரஸில்தான். ஹேடீஸும் டார்டரஸும் ஒன்று என்று எழுதிவிடுகிறார்கள். ஹேடீஸ் என்பது இறந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேரும் இடத்துக்கும் பெயர். பூமிக்கு மேலே வானம் எவ்வளவு தூரமோ, அந்த ஹேடீஸுக்குக் கீழே அவ்வளவு ஆழத்தில் டார்டரஸ் இருப்பதாக ஹோமரின் இலியட் காவியம் சொல்கிறது. ஹெசியட் என்ற பழங்கவிஞர் இன்னும் அழகாக அளந்து காட்டுகிறார்: வானத்திலிருந்து ஒரு வெண்கலப் பட்டடையைப் போட்டால் ஒன்பது இரவும் ஒன்பது பகலும் விழுந்து, பத்தாம் நாள் பூமியைத் தொடும். பூமியிலிருந்து டார்டரஸுக்குப் போய்ச் சேர இன்னொரு பத்து நாள். அங்கே அடைபட்டிருப்பவர்கள் பாவம் செய்த மனிதர்கள் அல்ல, ஜீயஸிடம் போரில் தோற்ற மூத்த தலைமுறைத் தேவர்களான டைட்டன்கள். நூறு கைகொண்ட மூவர் காவல். அதாவது, முதலில் அது தேவர்களைத் தேவர்களே பூட்டிவைத்த சிறை.

அப்படியானால், தண்டனைக்குப் பேர்போன டாண்டலஸ்? ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் அவன் மோவாய் வரை தண்ணீரில் நிற்கிறான். கிழவன் குடிக்கக் குனிந்ததும் தண்ணீர் உள்வாங்கி, காலடியில் கருமண் தெரிகிறது. தலைக்கு மேலே மாதுளையும் அத்தியும் தொங்குகின்றன. கை நீட்டினால் காற்று கிளையை மேகம் வரை தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. பக்கத்தில் சிசிஃபஸ் வியர்வை வழிய, தலையில் புழுதி பறக்க, மேலேற்றியதும் உருண்டு விழுந்துவிடும் பாறையை உருட்டுகிறான். இதையெல்லாம் காவிய நாயகன் ஒடிசியஸ் பார்ப்பது ஹேடீஸில். டார்டரஸ் என்ற பேச்சே அந்தக் காட்சியில் இல்லை. இவ்விருவரும் செய்த குற்றம் என்ன என்றும் ஹோமர் சொல்வதில்லை. அந்தக் கதைகளைப் பிறரிடமிருந்துதான் எடுக்க வேண்டும். தண்டனை பெறுகிறவர்களும் சிலரே. மற்றவர்கள், அக்கிலீஸ் போன்ற மாவீரன் உட்பட, வெறும் நிழல்களாக அலைகிறார்கள். செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஏழை ஒருவனிடம் கூலிக்கு உழலாம் என்கிறான் அவன்.

நல்லவர் ஒருபக்கம், கெட்டவர் டார்டரஸுக்கு என்று மூன்று நீதிபதிகள் பிரித்து அனுப்பும் ஏற்பாட்டை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி பிளேட்டோ தெளிவாக எழுதுகிறார். நெருப்பாறு சூழ்ந்த மதில், உள்ளிருந்து வரும் சவுக்கடிச் சத்தம் எல்லாம் கி.மு. 1ஆம் நூற்றாண்டின் ரோமானியக் கவி வெர்ஜிலின் கைவண்ணம். நம்மில் பலர் விவரிப்பது வெர்ஜிலின் பாதாளத்தை, பெயர் மட்டும் ஹோமருக்கு. 'கிரேக்கர்கள் நம்பினார்கள்' என்று எழுதுமுன் எந்தக் காலத்துக் கிரேக்கர் என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் பாதிப் பிழை அங்கேயே உதிர்ந்துவிடும்.

அப்புறம் சில்லறைத் தவறுகள். மனிதருக்காக நெருப்பைத் திருடிய ப்ரொமீத்யூஸைப் பாதாளத்தில் போட்டுக் கழுகைக் கொத்தவிடுவார்கள். பரவலான கதையில் அவன் கட்டுண்டு கிடப்பது காகசஸ் மலையில். பாதாளத்தில் ஈரல் கொத்தப்படுபவன் டிட்டியோஸ் என்ற ராட்சதன், அவனுக்கு இரண்டு கழுகுகள். இறந்தவர்களை ஆறு கடத்தும் ஓடக்காரன் கேரன் ஹோமரில் கிடையாது.

பாதாள வாசலில் நிற்கும் செர்பரஸ் நாயை, யாரும் உள்ளே வராமல் தடுக்கும் காவல் என்பதும் தலைகீழ். ஹெசியட் சொல்கிறபடி, வருகிறவர்களிடம் அது வாலையும் இரு காதுகளையும் ஆட்டிக் குழையும். வாசலைத் தாண்டி வெளியேறப் பார்ப்பவனைத்தான் பிடித்துத் தின்னும்.