பெட்டி கூடக்கூடப் பேச்சு குறையும்: நீலகிரியில் மெஷ் வலை அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த வாரத்து மண்சரிவுகளில் நீலகிரி மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாள் மழை 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. இத்தகைய நாட்களில் முதலில் மின்சாரம் போகும். அடுத்துச் செல்பேசிக் கோபுரத்தின் பேட்டரி தீரும். அதன் பிறகு அடுத்த ஊர் என்ன ஆயிற்று என்று கேட்கவும் வழியிருக்காது. ஊருக்கு ஒன்றாக, குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் சிறு செய்திகளை அனுப்பும் லோரா என்னும் சிறிய வானொலிப் பெட்டிகளை வைத்து, ஒன்று சொன்னதை மற்றொன்று வாங்கி அடுத்ததற்குச் சொல்லும் மெஷ் வலை ஒன்றை அமைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் மலையில் வசிப்பவருக்கு வருவது இயல்பு. எண்ணம் நல்லதுதான். ஆனால் சமவெளி நகரத்தில் சரியாக ஓடிய அமைப்பை அப்படியே இங்கே கொண்டுவந்து வைப்பவர்கள், பெரும்பாலும் ஒரே வகைத் தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள்.

வாங்கும்போதே நேரும் தவறுகளை முதலில் முடித்துக்கொள்ளலாம். இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005 முதல் அனுமதி உண்டு; அனுப்பும் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது. 433 மெகாஹெர்ட்ஸுக்கான மின்சுற்றுப் பலகையை மலிவு என்று வாங்கிவிட்டால், பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் அது 865-க்கு வராது. 915-க்கு அளவெடுத்த ஆன்டெனாவும் 865-இல் சரியாக ஒத்திசையாது. ஆன்டெனாவை மாட்டாமல் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால், அனுப்பும் பகுதி கருகிப்போகும் வாய்ப்பு உண்டு.

இனி முக்கியமான தவறு. இந்தக் கருவிகளில் பரவலாக ஓடுவது, 2020-இல் தொடங்கிய மெஷ்டாஸ்டிக் என்னும் திறந்த மூல மென்பொருள். அதில் பொதுச் செய்திக்கென்று வகுத்து வைத்த பாதை எதுவும் கிடையாது. ஒரு பெட்டி பேசினால், கேட்ட பெட்டிகள் எல்லாம் சிறிது நேரம் காத்திருக்கும். சிக்னல் பலவீனமாகக் கேட்ட பெட்டி, அதாவது பெரும்பாலும் தொலைவில் இருப்பது, குறைவாகக் காத்திருந்து முதலில் மறு ஒலிபரப்புச் செய்யும். அதைக் கேட்ட மற்றவை, 'வேலை முடிந்தது' என்று தங்கள் முறையைக் கைவிட்டுவிடும். இந்த அடக்கம்தான் வலையின் உயிர். 'ரூட்டர்' என்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்த அடக்கம் போய்விடுகிறது: ரூட்டர் மற்றவர்களை முந்திக்கொண்டு பேசும், வேறு பெட்டி ஏற்கெனவே சொல்லிவிட்டாலும் தானும் சொல்லும். பெயரைப் பார்த்து, 'நம் பெட்டியும் செய்தியைக் கடத்தத்தானே இருக்கிறது' என்று எல்லோரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் முதல் முறை ஐந்து பெட்டிகளையும் ரூட்டராகவே வைத்தேன். குன்னூர்ச் சரிவில் வீட்டுக் கூரையில் இருந்த ரூட்டர், முகட்டில் இருந்த பெட்டியை முந்திக்கொண்டு ஒவ்வொரு செய்தியையும் தன் பள்ளத்துக்குள்ளேயே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த பள்ளத்துக்கு ஒன்றும் போகவில்லை. அந்தப் பெட்டியைச் சாதாரண 'கிளையன்ட்' ஆக மாற்றிய அன்று மாலையே செய்திகள் மலையைத் தாண்டின. பல ஊர்களை ஒருசேரப் பார்க்கும் முகட்டில் உள்ள ஒன்றிரண்டு பெட்டிகள் மட்டுமே ரூட்டராக இருக்கலாம். வீடுகளில் இருப்பவை கிளையன்ட். ஒரே வீட்டில் இரண்டாவது பெட்டி இருந்தால் அது மறு ஒலிபரப்பே செய்யாத 'மியூட்' வகையில் இருக்கட்டும்.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பது கணக்குப் போட்டால் விளங்கும். மெஷ்டாஸ்டிக்கின் இயல்பான வேகத்தில் 50 பைட் அளவுள்ள ஒரு சிறு தகவல் பொட்டலம் காற்றில் 0.6 நொடிக்கு மேல் இருக்கிறது. 40 பெட்டிகள் உள்ள வலையில் ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தையும், அரை மணிக்கு ஒருமுறை பேட்டரி நிலையையும் அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 240 பொட்டலங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து பெட்டிகள் மறுபடி சொன்னால் 1,440 ஒலிபரப்புகள். அதாவது ஒரு மணி நேரத்தில் 14 நிமிடம், எவரும் எதுவும் பேசாமலேயே தீர்ந்துபோகிறது. கூரையில் ஆணியடித்து மாட்டிய பெட்டி தான் எங்கே இருக்கிறது என்று கால் மணிக்கு ஒருமுறை சொல்ல வேண்டிய தேவை என்ன? நாளுக்கு இரண்டு முறை போதும்.

அடுத்தது தாவல் எண்ணிக்கை. ஒரு செய்தி எத்தனை முறை கை மாறலாம் என்பதற்கு இயல்பாக 3 என்றும், அதிகபட்சமாக 7 என்றும் வரம்பு உண்டு. செய்தி போய்ச் சேரவில்லை என்றதும் பலர் அதை 7 ஆக்குகிறார்கள். செய்தி சேராததற்குக் காரணம் பெரும்பாலும் நெரிசல். வரம்பை உயர்த்தினால் நெரிசல்தான் வளரும். ஒரு பள்ளத்தாக்குக்குள் நான்கு தாவல்கள் தேவைப்படுகின்றன என்றால், குறை எண்ணிக்கையில் இல்லை. முகட்டில் வைக்க வேண்டிய பெட்டியை யாரோ சரிவில் வைத்திருக்கிறார்கள்.

முகடு என்றதும் தொட்டபெட்டா நினைவுக்கு வரும். 2,637 மீட்டர் உயரமுள்ள அந்த மலைத்தொடருக்கு மேற்கே ஊட்டி, கிழக்கே கோத்தகிரி. இரண்டு ஊர்ப் பெட்டிகளும் ஒன்றையொன்று கேட்காது; நடுவில் முகட்டில் உள்ள பெட்டி மட்டும் இரண்டையும் கேட்கும். எந்தப் பெட்டியும் பேசுவதற்கு முன் காற்று காலியாக இருக்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்கிறது. ஆனால் ஊட்டிப் பெட்டியின் காதுக்குக் கோத்தகிரி எட்டாததால் இரண்டும் ஒரே நேரத்தில் பேச, முகட்டில் இரண்டும் மோதிச் சிதைகின்றன. சமவெளியில் எப்போதாவது நடக்கும் இந்த 'மறைந்த நோடு' (ஒன்றுக்கொன்று கேட்காத பெட்டிகள்) சிக்கல், மலையில் அன்றாட வழக்கம். இரு பக்கமும் பார்க்கும் ஒற்றைச் சிகரத்தை நம்புவதைவிட, ஒரு பள்ளத்தாக்குக்கு ஒன்றாகத் தாழ்ந்த முகடுகளில் பெட்டிகளை வைத்து அவற்றை ஒன்றோடொன்று பேசவிடுவதே நல்லது என்பது என் கருத்து. உயர்ந்த சிகரங்களில் செல்பேசிக் கோபுரங்களும் நிற்பதால் இரைச்சலும் அங்கே மிகுதி. அங்குள்ள பெட்டியை ஊரெல்லாம் கேட்கும். அதற்கு ஊரார் பேசுவது கேட்காது. காப்புக்காடாக இருக்கும் முகட்டில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் எதையும் மாட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

ஆன்டெனா வாங்கும்போது '8 டிபிஐ' என்ற எண்ணைப் பார்த்து மயங்குவது இன்னொரு தவறு. அலையை ஒரு பக்கமாக எவ்வளவு குவிக்கிறது என்னும் ஈட்டத்தின் அளவுதான் டிபிஐ. சுற்றிலும் பரப்பும் ஆன்டெனாவின் ஈட்டம் கூடக்கூட, அது அலையை மேலும் கீழும் விடாமல் தட்டையாக அடித்துவிடுகிறது. முகட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி 500 மீட்டர் கீழே இருக்கும் ஊர், கிடைமட்டத்துக்கு 9 பாகைக்கும் அதிகமாகத் தாழ்ந்திருக்கிறது. தட்டையான கற்றை அந்த ஊரின் தலைக்கு மேலே போய்விடும். தொலைவில் உள்ள ஊரில் நன்றாகக் கேட்கும் பெட்டி காலடியில் உள்ள ஊரில் கேட்காத விந்தை இப்படித்தான் நிகழ்கிறது. மலைக்கு 2 அல்லது 3 டிபிஐ போதும்.

கண்ணுக்கு எதிர்மலை தெரிந்தால் அலையும் போகும் என்று கொள்வதும் சரியல்ல. அலை கம்பிபோல நேராகப் போவதில்லை. நடுவில் பருத்த சுருட்டு வடிவ இடம் அதற்கு வேண்டும். 10 கிலோமீட்டர் தொலைவுக்கு 866 மெகாஹெர்ட்ஸில் நடுப்பகுதியில் அந்த வடிவத்தின் ஆரம் ஏறத்தாழ 29 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது மறைப்பின்றி இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் வரிசையும், சரிவை மூடிய சீகை மரங்களும் பார்வைக் கோட்டுக்குக் கீழேயே நின்றாலும் இந்த இடத்துக்குள் நுழைந்துவிடும். மூடுபனியைக் குறை சொல்வோர் உண்டு. இந்த அலைவரிசையில் பனியால் வரும் இழப்பு மிகச் சொற்பம். மழையில் நனைந்த இலைகள்தான் சிக்னலைக் குடிக்கின்றன.

லோராவுக்குப் பதிலாக வைஃபை பெட்டிகளால் மெஷ் வைப்போரிடம் வேறொரு பழக்கம் உண்டு: தாவல் குறைவாக இருக்கும் பாதையே நல்ல பாதை என்று நம்புவது. 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் முன்வைத்த இ.டி.எக்ஸ். என்னும் அளவுகோல் இதை எளிதில் தெளிவாக்கும். ஒரு பொட்டலம் போய்ச்சேர்ந்து அதற்குப் பதிலும் வர, சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்பதே கணக்கு. மரங்களுக்கு ஊடாகப் போகும் ஒரே தாவலில், போகும்போது 40 விழுக்காடும் திரும்பும்போது 50 விழுக்காடும் சேர்ந்தால், 0.4-ஐ 0.5-ஆல் பெருக்கி 0.2, ஆக 5 முறை அனுப்ப வேண்டும். முகட்டைச் சுற்றி இரண்டு தாவலாகப் போய், ஒவ்வொன்றிலும் இரு திசையிலும் 90 விழுக்காடு சேர்ந்தால் மொத்தம் 2.5 முறைகூட வேண்டியதில்லை. ஒரே ரேடியோ உள்ள வைஃபை பெட்டிகளில் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது உண்மையே; அதற்காகப் பாதி அறுந்த இணைப்பைத் தேர்ந்தெடுப்பது தீர்வாகாது.

திரையில் தோன்றும் குறியீட்டைத் தவறாகப் படிப்பது ஆபத்தான தவறு. பொதுச் செய்தி அனுப்பியதும் தோன்றும் ஒப்புதல் குறிக்கு, 'பக்கத்தில் ஏதோ ஒரு பெட்டி இதை மறுபடி சொல்வதை நான் கேட்டேன்' என்பது மட்டுமே பொருள். மஞ்சூரில் இருப்பவர் படித்துவிட்டார் என்று அதற்குப் பொருள் இல்லை. பெறுநரின் பெட்டி திருப்பி அனுப்பும் உண்மையான ஒப்புதல் தனிச் செய்திக்குத்தான் உண்டு. மேலும், 2.6 பதிப்பு முதல் தனிச் செய்திகள் முன்பு செய்தியைச் சரியாகக் கடத்திய அடுத்த பெட்டியை நினைவில் வைத்து அதன் வழியே போகின்றன. அது கைவிட்டால் மட்டுமே பழையபடி ஊரெல்லாம் சொல்லும். ஆகவே அவசரச் செய்தியைக் குழுவில் போட்டுவிட்டு இருந்துவிடாமல், பொறுப்பாளர் ஒருவருக்குத் தனியாகவும் அனுப்ப வேண்டும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு செய்திக்கு 200 பைட் அளவில்தான் இடம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும்கூடத் தனித்தனியே 3 பைட் போகும் என்பதால் 'கு' என்ற ஓரெழுத்தே 6 பைட் ஆகிறது. 'கோத்தகிரி பாதை அடைபட்டது' என்ற மூன்று சொற்களுக்கு 68 பைட். தலைப்புத் தகவலோடு சேர்ந்து அது காற்றில் ஏறக்குறைய ஒரு நொடி நிற்கும். தமிழில் எழுத வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. ஊர்களுக்கும் நிகழ்வுகளுக்கும் இரண்டெழுத்துக் குறிகளை முன்கூட்டியே பேசி வைத்து, அவற்றை அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியின் மீதும் ஒட்டிவைப்பது நல்லது.

கடைசியாக மின்சாரம். ஈ.எஸ்.பி.32 சிப் உள்ள பலகை நூறு மில்லியாம்பியர் அளவில் தின்னும், என்.ஆர்.எஃப்.52 சிப் உள்ளது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே கேட்கும். 6,000 மில்லியாம்பியர் மணி பேட்டரியில் முதலாவது இரண்டரை நாள் நிற்கும், இரண்டாவது மூன்று வாரத்தை எட்டும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர்ப் பக்கம் சூரியன் நாள்கணக்கில் முகம் காட்டாது என்பதால், ஏப்ரல் வெயிலில் சோலார் பேனல் தரும் கணக்கை வைத்து ஜூலைக்குத் திட்டமிடக் கூடாது. குளிர்காலத்தில் கவலை வேறு. லித்தியம் அயன் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த இடங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படியும்போது, விடியலில் வெயில் முதலில் பேனலைத் தொடும். பெட்டிக்குள் பேட்டரி இன்னும் உறைந்தே கிடக்கும். வெப்பம் பார்த்துச் சார்ஜை நிறுத்தும் மின்சுற்று உள்ள பலகையை அங்கே பொருத்த வேண்டும். கிடைக்காவிட்டால், பேனலைக் கிழக்கே திருப்பாமல் தெற்கும் மேற்கும் பார்த்தவாறு சாய்த்து, முற்பகலுக்குப் பிறகே வெயில் படும்படி வைக்க வேண்டும்.