சேம்பந்தாள் கறி ஏன் காறுகிறது?

ஆனி, ஆடி மழைக்குக் களியக்காவிளைப் பக்கம் வாய்க்கால் கரையெல்லாம் காட்டுச் சேம்புதான். எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போனால், கர்க்கடக (ஆடி) மாதத்தில் பத்து வகை இலை சேர்த்து வைக்கிற பத்திலைத் தோரன் என்ற பொரியலில் தாளும் தகரைக் கீரையும் இல்லாமல் கணக்குச் சேராது. தாள் என்பது இந்தச் சேம்பின் தண்டும் இலையும். காசு கொடுக்க வேண்டாம், பக்குவம் மட்டும் வேண்டும்.

நிறையப் பேர் செடியையே மாற்றிப் பறித்துவிடுகிறார்கள். சேம்பிலையைத் திருப்பிப் பாருங்கள்: தண்டு இலையின் பிளவில் சேராமல், சற்று உள்ளே தள்ளி முதுகில் சேர்ந்திருக்கும். இலைமேல் தண்ணீர் முத்தாக உருளும். தண்டு பிளவிலேயே சேர்ந்து, இலை நுனி வானம் பார்த்து நின்றால் அது வேறு இனம், தொடாதீர்கள். தொட்டியில் வளர்க்கிற சிவப்புப் புள்ளிச் செடிக்கும் தண்டு உள்ளே தள்ளித்தான் சேரும். அதனால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். சாக்கடையோரம் தளதளவென்று நிற்பதை விட்டுவிடுங்கள்.

அடுத்தது அவசரம். கல்யாணமான புதிதில் நான் இதைக் கீரை மாதிரி ஐந்து நிமிடம் வதக்கி இறக்கிவிட்டேன். முதல் வாயிலேயே வீட்டுக்காரர் மோர்ச் செம்பைத் தேடினார். மாமியார் கேட்டது ஒன்றுதான்: "புளி விட்டியா மக்ளே?"

தண்டிலும் இலையிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது. அதுதான் தொண்டையில் குத்துகிறது. நெடுநேரம் வெந்தால்தான் காறல் அடங்கும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தண்டின் தோலை நாராக உரியுங்கள். ஈரக்கையோடு நறுக்கினால் ராத்திரி வரை சொறிய வேண்டியதுதான். நறுக்கியதை நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். 'சத்து போகுதே' என்று சிலர் அதில் ரசம் வைப்பார்கள். கரையக்கூடிய ஆக்சலேட்டும் அதில்தான் இருக்கிறது. பிறகு கெட்டியாகப் புளி கரைத்து விட்டு, அரைமணி நேரமாவது கொதிக்கவிட்டு, தேங்காயும் நல்லமிளகும் சீரகமும் அரைத்துச் சேருங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இந்தக் கறி வேண்டாம்.

உப்பு பார்க்கிற சாக்கில் பாதி வெந்ததை வாயில் போடாதீர்கள். தண்டு அகப்பையில் மசிந்த பிறகு நுனிநாக்கில் தொட்டு, இரண்டு நிமிடம் பொறுங்கள். சேம்பு சில சமயம் உடனே அரிக்காது, பிந்தித்தான் காட்டும். லேசாக அரித்தாலும் சட்டி மறுபடி அடுப்புக்குப் போகட்டும்.