அம்மா அப்பாவை கனடாவில ஒன்ராறியோவுக்கு கூப்பிடுறீங்களோ, டொக்டர் மருந்து விசயத்தை முதல் பாருங்கோ

முதல் கேள்வி, அவை என்ன விசாவில வருகினம்? பி.ஆர், அதாவது நிரந்தரமா இருக்கிற உரிமையோட எண்டா பெரிய கரைச்சல் இல்லை. முந்தி ஓஹிப்புக்கு (ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர மருத்துவக் காப்புறுதி) மூண்டு மாசம் காத்திருக்கோணும், 2020 மார்ச்சில அதை எடுத்திட்டினம், வந்த கையோட சேர்விஸ் ஒன்ராறியோ எண்ட அரசாங்க அலுவலகத்தில போய் பதியலாம், பி.ஆர் பேப்பரும் அட்ரஸ் காட்ட ஏதாவதும் கொண்டு போங்கோ.

சூப்பர் விசா (அம்மா அப்பா, தாத்தா பாட்டி வந்து நிக்கிற விசிட்டர் விசா) எண்டா ஓஹிப் கிடையாது. ஒருக்கா வந்தா 5 வருசம் நிக்கலாம் எண்டு சந்தோசப்படுறம், ஆனா நிக்கிற காலம் முழுக்க பிரைவேட் இன்சூரன்ஸ்தான். குறைஞ்சது 100,000 டொலர் கவர், ஒரு வருசத்துக்கு, விசாவுக்கே கேப்பினம். நாங்கள் மலிவா பாத்து எடுத்தம். அம்மா வெளிக்கிட மூண்டு கிழமைக்கு முதல் ஊர் டொக்டர் பிரஷர் குளிசையை 5 மில்லிகிராமில இருந்து 10 ஆக்கிவிட்டவர், அதை ஒரு விசயமாவே எடுக்கேல்லை. ரெண்டாம் மாசம் நெஞ்சு இறுக்குது எண்டு எமேர்ஜென்சிக்கு கொண்டு ஓடினது, ஒரு இரவு வச்சிருந்து பாத்தவை, பில்லை அனுப்பினா இன்சூரன்ஸ்காரர் பொலிசி தொடங்க முதல் 90 நாளுக்குள்ள மருந்து மாறியிருக்கு, வருத்தம் ஸ்டேபிள் இல்லை, அதாவது மாறாம ஒரே நிலையில இல்லை எண்டு கையை விரிச்சிட்டினம். முழுக்காசும் எங்கட கையால. சில பொலிசியில இது 90 நாள், சிலதில 180. ஏற்கனவே இருக்கிற வருத்தத்துக்கு கவர் இருக்கோ, எத்தனை நாள் எண்டு ஏஜென்ட்டிட்ட எழுத்தில வாங்குங்கோ, டோஸ் குறைச்சாலும் மாத்தம்தான் எண்டு சொல்லுவினம்.

ஓஹிப் இருக்கிற, 65 வயசும் அதுக்கு மேலயும் உள்ளாக்களுக்கு, அரசாங்க லிஸ்டில உள்ள மருந்துகளின்ர செலவை அரசாங்கம் பாக்கும், பாமசியில ஹெல்த் கார்ட்டை காட்டினா காணும். வருசத்தில முதல் 100 டொலர் நீங்கள், பிறகு ஒரு பிரிஸ்கிரிப்ஷனுக்கு 6.11 வரைக்கும். வருமானம் குறைவெண்டா ஒரு ஃபோம் நிரப்பினா அந்த 100 கட்டத் தேவையில்லை, ஒரு பிரிஸ்கிரிப்ஷனும் 2 டொலருக்குள்ள முடிஞ்சிடும், கனபேருக்கு இந்த ஃபோம் இருக்கிறதே தெரியாது. கண் செக்கப் 18 மாசத்துக்கு ஒருக்கா ஃப்ரீ, சீனி வருத்தக்காரருக்கு வருசா வருசம். பல்லுக்கும் வருமானம் குறைஞ்ச 65க்கு மேற்பட்டாக்களுக்கு தனி திட்டம் இருக்கு.

ஃபமிலி டொக்டர் கிடைக்கிறது கஷ்டம், டொக்டர் தேடித் தாற அரசாங்க சேவை ஹெல்த் கெயர் கனெக்ட்டில பேரை போட்டு வையுங்கோ. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 811க்கு ஃபோன் எடுங்கோ, எந்த நேரமும் நேர்ஸ் கதைப்பா. ஊர் மருந்துப் பெட்டியில இருக்கிற கொம்பனிப் பேர் இஞ்ச விளங்காது, உள்ளுக்க இருக்கிற மருந்தின்ர பேரை எழுதி கொண்டு வாங்கோ.

டொக்டரிட்ட நீங்களே மொழிபெயர்க்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, இன்டர்ப்ரெட்டர் கேளுங்கோ. அம்மா தனக்கு மூத்திரக் கடுப்பு இருந்ததைப் பற்றி, மகனான எனக்கு முன்னால டொக்டரிட்ட வாயே திறக்கேல்லை, நான் அறிய நாலு மாசம் எடுத்தது.