1969 கமாரோவுக்கு எஞ்சின் ஒயரிங் மாற்றுவது எப்படி?

ஐம்பது வருடத்துக்கு மேல் எஞ்சின் சூட்டிலேயே கிடந்த ஒயரைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். மேலுறை அப்பளம் மாதிரி நொறுங்கும், உள்ளே செம்பு கறுத்திருக்கும். அந்த நிலைக்கு வந்ததை டேப் சுற்றி ஒப்பேற்றுவது தீயோடு விளையாடுவது. முழு ஹார்னஸையும் (ஒன்றாகக் கட்டிய ஒயர் தொகுப்பு) மாற்றிவிடுங்கள். இதுவரை ஒயரிங் பக்கமே போகாதவரும் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

இங்கே சொல்வது 1969 செவ்ரலே கமாரோவுக்கு: 350 வி8 எஞ்சின், பாயின்ட் இக்னிஷன் (சின்ன கான்டாக்ட் முனைகள் மூடித் திறந்து ஸ்பார்க் தரும் பழைய முறை), டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள். வேறு மசில் கார்களிலும் (பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்க கார்கள்) வேலை செய்யும் முறை ஏறக்குறைய இதுதான். ஒயர் நிறமும் இணைப்பு இடங்களும்தான் மாறும்.

வாங்கும் முன்

எஞ்சின் ஹார்னஸ் சின்னது. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) உள்ள ஃபியூஸ் பெட்டியிலிருந்து கிளம்பி காயில் (ஸ்பார்க்குக்கு வோல்டேஜை உயர்த்துவது), ஸ்டார்ட்டர், ஆயில் பிரஷர் சென்சார், வெப்ப சென்சார் ஆகியவற்றுக்குப் போகிறது. ஆல்டர்னேட்டரும் ஹெட்லைட்டும் முன்விளக்கு ஹார்னஸில் வரும், அது தனி. அமெரிக்கன் ஆட்டோவயர், எம் அண்ட் எச் போன்றவர்கள் பழைய அளவிலேயே புதிதாகச் செய்து விற்கிறார்கள். உங்கள் காரில் இருப்பது பாயின்ட்டா எச்இஐ-யா (பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்), எச்சரிக்கை விளக்கா கேஜா (முள் மீட்டர்), கியர் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். எச்இஐ-க்கு முழு 12 வோல்ட் வேண்டும். பாயின்ட்டுக்கான ஹார்னஸில் ஓடும்போது அது கிடைக்காது.

கழற்றுவது

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். அப்புறம் ஒவ்வொரு இணைப்பையும் போட்டோ எடுத்து, மாஸ்கிங் டேப்பில் அது எங்கே போகிறது என்று எழுதி ஒட்டுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். முன்பு யாராவது கையில் கிடைத்த ஒயரை ஒட்டுப் போட்டிருக்கலாம்.

பழைய ஹார்னஸை எக்காரணம் கொண்டும் வெட்டி எடுக்காதீர்கள். உங்களுக்கு இருக்கும் நல்ல வரைபடம் அதுதான். ஒவ்வொரு கிளையும் எங்கே பிரிகிறது, எவ்வளவு நீளம், எங்கே வளைகிறது எல்லாம் அதிலேயே பதிந்திருக்கும். வளைவு கலையாமல் எடுத்துத் தரையில் பரப்பி, பக்கத்திலேயே புதியதை வைத்துக் கிளை கிளையாக ஒப்பிடுங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும். நான் இதைச் செய்யாமல் பூட்டிய முதல் தடவை, ஒரு கிளை எக்சாஸ்ட் பக்கம் போய்விட்டதால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று.

ஃபயர்வாலில் ஓட்டுநர் பக்கம் இருக்கும் பெரிய கனெக்டரை நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றினால் முன்விளக்கு ஹார்னஸின் கனெக்டரும் சேர்ந்தே வரும். உள்ளே இருக்கும் கிரீஸைத் துடைத்துவிட்டு டெர்மினல்களைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுங்கள்.

பூட்டுவது

ஃபயர்வால் கனெக்டரை இப்போதே இறுக்க வேண்டாம். ஒயரை அதன் வழியில் படுக்க வைத்த பிறகு இறுக்கலாம். ஸ்பார்க்கை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயில் பிரஷர் சென்சாருக்குக் கருநீலம். ஓட்டுநர் பக்க சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் வெப்ப சென்சாருக்குக் கரும்பச்சை. இவை இரண்டும் சுலபம்.

காயிலின் பாசிட்டிவ் முனையில் இரண்டு ஒயர் வரும். துணி சுற்றிய வெள்ளை ஒயர் ஃபயர்வாலிலிருந்து வருகிறது. அது ரெசிஸ்டன்ஸ் ஒயர். எஞ்சின் ஓடும்போது வோல்டேஜைக் குறைத்து, பாயின்ட் கருகாமல் காப்பது அதுதான். அதை வெட்டிச் சுருக்கினால் ரெசிஸ்டன்ஸ் மாறிவிடும், எனவே கை வைக்காதீர்கள். இன்னொன்று ஸ்டார்ட்டரிலிருந்து வரும் மஞ்சள். ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிக்கு மட்டும் பேட்டரியின் முழு வோல்டேஜையும் காயிலுக்குக் கொடுக்கும்.

ஸ்டார்ட்டருக்குக் காரின் அடியில் போக வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஜாக் ஸ்டாண்டு போடுங்கள். ஸ்டார்ட்டரோடு சேர்ந்திருக்கும் சொலினாய்டின் (அதற்குக் கரன்டை இணைக்கும் சுவிட்ச்) முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்தால் எஸ், ஆர் என்ற எழுத்துகள் தெரியும். ஊதா எஸ்-க்கு, மஞ்சள் ஆர்-க்கு. மாற்றிப் போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. அந்தச் சின்ன போல்ட்டுகள் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்திருப்பவை. நட்டை அழுத்தி முறுக்கினால் பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

எக்சாஸ்டுக்குப் பக்கத்தில் போகும் இடத்தில் வெப்பம் தாங்கும் உறை போட்டு, கிளிப்பால் தள்ளிக் கட்டுங்கள். எஞ்சினிலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் எர்த் பட்டையையும் இப்போதே பாருங்கள். ஃபயர்வாலுக்குப் புதிதாக பெயின்ட் அடித்திருந்தால், பட்டை உட்காரும் இடத்தில் மட்டும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிடுங்கள்.

கரன்ட் கொடுக்கும் முன்

நெகட்டிவ் கேபிளை நேராக மாட்டாதீர்கள். கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்பைக் கொடுங்கள். கதவுகள் மூடியிருக்கட்டும், சாவி ஆஃபில் இருக்கட்டும். லாம்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தபின் மேலே போங்கள். எரியவில்லை என்றால் கேபிளை மாட்டலாம்.

சாவியை ஆன் செய்து காயில் பாசிட்டிவில் மல்டிமீட்டர் வையுங்கள். பாயின்ட் மூடியிருந்தால் ஏறக்குறைய 5 முதல் 8 வோல்ட் காட்டும். திறந்திருந்தால் கிட்டத்தட்ட 12 காட்டும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். கரன்ட் ஓடாதபோது ரெசிஸ்டன்ஸ் ஒயரில் வோல்டேஜ் இறங்காது.

சரி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு அணைய வேண்டும். சுற்றும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் செத்துப்போனால், காயிலுக்கு வரும் வெள்ளை ஒயர் சரியாக உட்காரவில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்த பிறகு ஃபயர்வால் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். சுடக் கூடாது. சுட்டால் உள்ளே ஏதோ ஒரு டெர்மினல் தளர்வாக இருக்கிறது, திரும்பக் கழற்றிப் பாருங்கள். இதெல்லாம் சரியாகி ஒரு வாரம் ஓட்டும்வரை, பழைய ஹார்னஸைத் தூக்கிப் போடாதீர்கள்.