படகில் வைக்கும் கிட்டாருக்கு ஏற்ற மரமும் பூச்சும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நரம்பு வாத்தியங்களைப் பழுதுபார்க்கிறேன். முகத்துவாரம் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் வந்து முதலில் கேட்பது தேக்கைத்தான். படகுத் தளத்துக்குத் தேக்கு போடுகிறார்களே, கிட்டாருக்கும் அதுதானே சரி என்கிறார்கள். தளத்துக்கு வேண்டியது உளுக்காத மரம். கிட்டாருக்கு அதைவிட முக்கியம், ஈரத்தில் அசையாத, அதாவது ஊதிச் சுருங்காத மரம்.

பெரும்பாலான கிட்டார்கள் 45 முதல் 55 வீத ஈரப்பதனில் கட்டப்படுகின்றன. கொழும்புக் காற்றில் 80 வீதம் சாதாரணம். மரம் நீளவாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்கேதான் ஊதும். மேற்பலகை வயிறு தள்ளும், நரம்புகள் விரற்பலகையை விட்டு எழும்பும். உப்பு படிந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஆகவே என் முதல் தெரிவு ஒட்டுப்பலகையில் செய்த கிட்டார். மெல்லிய பலகைகளை இழை மாறி மாறிக் குறுக்கே வரும்படி ஒட்டியிருப்பதால் ஒன்றையொன்று அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஒற்றைப் பலகையின் நாதம் இதற்கு வராது, உண்மைதான். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று முடியும்போதும் சுருதி சேர்த்து வாசிக்கக்கூடிய கிட்டார் இதுவாகவே இருக்கும்.

ஒற்றைப் பலகைதான் வேண்டும் என்பவர்களுக்குக் கழுத்து, பின்பக்கம், பக்கப்பலகைகள் எல்லாவற்றுக்கும் மஹோகனியைச் சொல்வேன். ஈரத்துக்கு அசைவது குறைவு, இங்கேயே வளர்கிறது, மொறட்டுவைத் தளபாடக்காரர்களிடம் நன்றாகக் காய்ந்த துண்டு கிடைக்கும். மரத்தின் வெளிப்பக்கமான வெளிறு வேண்டாம், நடுப்பக்கமான வைரம் பகுதியாக எடுங்கள். பலகையின் நுனியைத் திருப்பிப் பாருங்கள்: வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்திருந்தால் அந்தப் பலகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஊதும். மேற்பலகைக்கு ஸ்புரூஸைவிடச் செந்நிற சீடர் குறைவாக அசைகிறது, நகம் பட்டால் தழும்பு விழும் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தேக்கை விரும்பினால் பின்பக்கத்துக்கு வையுங்கள். அதன் எண்ணெய்ப்பசையில் பசை பிடிக்காது, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிற்றோன் தொட்டுத் துடைக்க வேண்டும். மேற்பலகைக்கு அது வேண்டாம், பாரத்தில் ஒலி அமுங்கிவிடும்.

பூச்சு எதுவானாலும் ஈரத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. வெறும் எண்ணெய்ப் பூச்சு படகுக்கு உதவாது, ஈரம் தாராளமாக உள்ளே போகும். அரக்குப் பொலிஷ் ஆவியை நன்றாகத் தடுக்கும், ஆனால் தண்ணீர்த்துளி நின்ற இடத்தில் வெள்ளை பூக்கும். வெளிப்பக்கத்துக்குப் பொலியூரித்தேன்தான் சரி. மேற்பலகையில் மெல்லியதாக, மற்ற இடங்களில் தாராளமாகப் பூசலாம்.

அநேகர் மறந்துபோவது உள்பக்கத்தை. ஒலித்துளைக்குள் கைவிட்டுத் தடவிப் பாருங்கள், பூச்சில்லாத மரம் சொரசொரவென்று தட்டுப்படும். வெளியே எத்தனை பூச்சு இருந்தாலும் ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். பருத்தித் துணியை வளைத்த கம்பியில் கட்டி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் தோய்த்துப் பிழிந்து, உள்ளே இரண்டு முறை மெல்லிதாகத் தடவுங்கள். புதிதாகச் செய்யும் கிட்டாரென்றால் எல்லாவற்றையும் ஒட்டி முடித்த பிறகே தடவ வேண்டும், அரக்கின் மேல் பசை நிற்காது. சுருதி முளைகளைக் கழற்றி அந்தத் துளைகளின் ஓரத்துக்கும், வார்ப்பட்டி ஆணியின் துளைக்கும் மெல்லிய தூரிகையால் தொட்டு வையுங்கள். இழைநுனி திறந்திருக்கும் இடங்கள் அவை, ஈரத்தை முதலில் குடிப்பவையும் அவைதான்.

நரம்பு நைலோனாக இருந்தால் துரு பற்றிய கவலை பாதி குறையும். உருக்கு நரம்புதான் வேண்டுமென்றால் உறையிட்டதை வாங்குங்கள், விரற்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கட்டைகளைத் துருப்பிடிக்காத உருக்கில் போடச் சொல்லுங்கள். கழுத்துக்குள் இருக்கும் கம்பியின் திருகில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விடலாம்.

கிட்டாரைப் படகின் சுவரோடு சாய்க்காதீர்கள், விடியற்காலையில் அந்தச் சுவர் வியர்க்கும். வெயிலில் பூட்டிய அறையிலும் விடாதீர்கள், 60 பாகை செல்சியஸை நெருங்கினால் வழக்கமான மரப்பசை இளகத் தொடங்கும், மேற்பலகையில் நரம்புகளைப் பிடித்திருக்கும் பாலம் பெயர்ந்துவிடும்.